தூரிகை எழுத்துரு: தேர்வு செய்வதிலிருந்து அச்சுக்கு அனுப்புவது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

திருமண அழைப்பிதழில் மணமக்களின் பெயர், பேக்கரியின் பெயர்ப்பலகை, காப்பிக் கடைக் கோப்பை, பனியனில் அச்சிடும் ஒற்றைச் சொல் என்று நாம் அன்றாடம் பார்க்கும் பல இடங்களில் தூரிகையால் ஒரே மூச்சில் எழுதியது போன்ற ஆங்கில எழுத்துகள் இருக்கின்றன. பிரஷ் ஸ்கிரிப்ட் வகை என்று அழைக்கப்படும் இந்த எழுத்துருக்களை இறக்கிக்கொள்வது எளிது. ஆனால் அவற்றைப் பிழையின்றிப் பயன்படுத்திய வேலைகளைக் குறைவாகவே காண்கிறோம். அழைப்பிதழ்களும் பெயர்ப்பலகைகளும் வடிவமைப்பதையே பல ஆண்டுகளாகத் தொழிலாகக் கொண்டிருக்கும் நான், என்னிடம் வேலை பழக வரும் இளைஞர்களுக்கு முதல் வாரத்தில் சொல்லித்தருவதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். இந்த வகை எழுத்துருவில் அழகும் ஆபத்தும் ஒரே இடத்தில், அதாவது ஓர் எழுத்து அடுத்த எழுத்தைத் தொடும் இணைப்பில் இருக்கின்றன என்பதே இதில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது.

முதலில் கண்ணைப் பழக்குங்கள்

எழுத்துருவைத் தேடத் தொடங்கும் முன், தூரிகை எப்படி எழுதுகிறது என்பதைக் கையால் ஒருமுறை உணர்ந்துவிடுவது நல்லது. கூர்முனையுள்ள தூரிகையையோ பிரஷ் பேனாவையோ எடுத்து, கீழ்நோக்கி இழுக்கும்போது அழுத்தியும் மேல்நோக்கி ஏற்றும்போது அழுத்தத்தைத் தளர்த்தியும் வரிசையாகச் சில கோடுகள் போட்டுப் பாருங்கள். இறங்கும் கோடு தடித்தும், ஏறும் கோடு முடி போல மெலிந்தும் வரும். தடிப்பும் மெலிவும் அழுத்தத்திலிருந்து பிறக்கின்றன என்பது புரிந்துவிட்டால், திரையில் தெரியும் எழுத்துரு உண்மையான தூரிகை அசைவிலிருந்து வந்ததா, கோடுகளைக் கணினியில் தடிக்கவைத்துச் செய்ததா என்பது பார்த்ததுமே தெரியத் தொடங்கும்.

பட்டைத் தூரிகை வேறு விதமாக நடந்துகொள்ளும். அதில் அழுத்தத்தைவிடத் தூரிகையைப் பிடிக்கும் கோணமே தடிப்பைத் தீர்மானிக்கிறது. கோட்டின் தொடக்கமும் முடிவும் சீவியது போலச் சாய்வாக வெட்டுப்பட்டிருக்கும். நம் ஊர்ச் சுவர் விளம்பர ஓவியர்கள் கையாண்டது பெரும்பாலும் இந்தப் பட்டைத் தூரிகைதான். ஆகவே அவர்கள் எழுத்தின் கம்பீரம் வேறு. அழைப்பிதழில் வரும் கூர்முனைத் தூரிகையின் நெளிவு வேறு. இரண்டையும் ‘பிரஷ் ஃபான்ட்’ என்ற ஒரே பெயரில் வாடிக்கையாளர் கேட்பார். எதைக் கேட்கிறார் என்பதை ஒரு மாதிரியைக் காட்டி உறுதிசெய்துகொள்ள வேண்டியது நம் பொறுப்பு.

இவை தவிர இன்னும் மூன்று அடையாளங்களைக் கவனியுங்கள். முதலாவது, எழுத்துகள் வலப்பக்கம் சாய்ந்திருக்கும் அளவு. சாய்வு கூடக் கூட வேகம் கூடியது போலத் தோன்றும். இரண்டாவது, அடிக்கோட்டின் ஒழுங்கு. பழைய எழுத்துருக்களில் எழுத்துகள் ஒரே கோட்டில் நிற்கும். அண்மைக் காலத்தவற்றில் சில எழுத்துகள் கொஞ்சம் இறங்கியும் சில ஏறியும் துள்ளி நிற்கும். மூன்றாவது, மை குறைந்த தூரிகை காகிதத்தில் உரசும்போது விழும் வெண்கீற்றுகள். இந்த உலர்தூரிகைத் தோற்றம் திரையில் மிக அழகாக இருக்கும். ஆனால் அச்சிலும் ஸ்டிக்கரிலும் தொல்லைகள் தொடங்கும் இடமும் இதுவே.

கொஞ்சம் வரலாறு

இந்த எழுத்துருக்களின் முன்னோடிகளைத் தெரிந்திருந்தால் எது எந்தக் காலத்தின் மணத்தைத் தரும் என்று கணிக்கலாம். பிரஷ் ஸ்கிரிப்ட் என்ற பெயரிலேயே உள்ள எழுத்துருவை ராபர்ட் ஈ. ஸ்மித் வரைந்தார், அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனம் 1942இல் அதை வெளியிட்டது. அப்போது எழுத்து என்றால் ஈய அச்சு. ஒவ்வோர் எழுத்தும் ஒரு செவ்வகக் கட்டையின் மேல் நிற்கும். சாய்ந்து ஓடும் கையெழுத்தை நேரான கட்டைகளின் மேல் வார்த்து, ஒரு கட்டையின் ஓரத்தில் முடியும் கோடு அடுத்த கட்டையின் ஓரத்தில் அதே உயரத்தில் தொடங்கும்படி செய்வது எவ்வளவு நுட்பமான வேலை என்பதை நினைத்துப் பாருங்கள். கட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி எளிதில் உடைந்துவிடும் என்பதால், துணிந்து நீட்டவும் முடியாது. அந்தக் கட்டுப்பாட்டுக்குள் எழுத்துகள் தொடர்ந்து ஓடுவது போன்ற தோற்றத்தை ஸ்மித் கொண்டுவந்தார். பின்னாளில் மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் தொகுப்புடன் இது கணினிகளுக்கு வந்து சேர்ந்ததால், பயன்படுத்தாத கடைவீதியே இல்லை என்னும் அளவுக்குப் பரவியது. இன்று இதைப் பயன்படுத்தினால் பார்ப்பவருக்குப் பழைய பள்ளி ஆண்டு விழா அழைப்பிதழே நினைவுக்கு வரும் என்பது என் கணிப்பு.

பிரான்சின் மார்செய் நகரிலிருந்த ஒலிவ் எழுத்து வார்ப்பகத்துக்காக ரோஜர் எக்ஸ்கோஃபோன் 1953இல் வடிவமைத்த மிஸ்ட்ரல் இன்னொரு பெரிய சாதனை. தென் பிரான்சில் வீசும் பலத்த குளிர்காற்றின் பெயர் அது. தம் சொந்தக் கையெழுத்தையே அவர் அடிப்படையாகக் கொண்டார். ஈய அச்சிலும் அவருடைய எழுத்துகள் உண்மையாகவே ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டன. ஓரங்கள் சற்றே சொரசொரப்பாக இருப்பதால், அவசரமாக எழுதிய குறிப்பைப் போன்ற உயிர்ப்பு அதில் இருக்கிறது. நான் இன்றும் பாடமாகக் காட்டுவது மிஸ்ட்ரலைத்தான்.

கணினிக் காலத்துக்கு வந்தால், பாப்லோ இம்பல்லாரி 2010இல் வெளியிட்ட லாப்ஸ்டர் ஒரு திருப்புமுனை. எல்லா எழுத்தும் எல்லா எழுத்தோடும் இணைய வேண்டும் என்பதற்காக எழுத்தின் வடிவத்தைச் சிதைப்பதற்குப் பதிலாக, குறிப்பிட்ட இணைகளுக்குத் தனித்தனிக் கூட்டெழுத்துகளை வரைந்துவிடுவது என்ற வழியை அது எடுத்துக்கொண்டது. வெர்னன் ஆடம்ஸின் பசிஃபிகோ, 1950களின் அமெரிக்கக் கடலலைச் சறுக்கு விளையாட்டுக் கலாசாரத்தை நினைவூட்டும் உருண்ட தூரிகை எழுத்து. இவ்விரண்டும் கூகுள் ஃபான்ட்ஸில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

தேர்வு செய்யும் முறை

எழுத்துரு விற்பவர் காட்டும் மாதிரிப் படத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அந்தப் படத்தில் இருக்கும் சொல், அந்த எழுத்துருவில் மிக அழகாக வரும் சொல்லாகவே இருக்கும். நீங்கள் எழுதப்போகும் பெயரைத் தட்டிப் பாருங்கள். அதன் பிறகு நான் வழக்கமாக வைத்திருக்கும் மூன்று ஆங்கிலச் சோதனைச் சொற்களையும் தட்டிப் பாருங்கள்.

முதல் சொல் ‘ப்ரௌன்’. ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் பெரும்பாலானவை கையெழுத்தில் அடிக்கோட்டில் முடிந்து அடுத்ததைத் தொடும். ஆனால் பி, ஆர், ஓ, வி, டபிள்யூ ஆகியவை பொதுவாக மேலே, எழுத்தின் தோள்பட்டை உயரத்தில் முடிகின்றன. ‘ப்ரௌன்’ என்ற சொல்லில் இப்படிப்பட்ட நான்கு எழுத்துகள் அடுத்தடுத்து வருகின்றன. மேலே முடிந்த கோடு அடுத்த எழுத்தின் தொடக்கத்தோடு இயல்பாகச் சேர்கிறதா, நடுவில் ஒரு படிக்கட்டோ முடிச்சோ விழுகிறதா, இல்லை இடைவெளி விட்டுப்போகிறதா என்பதைத் திரையில் நானூறு சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். திறமையாகச் செய்த எழுத்துருவில் இந்த இணைகளுக்கென்றே மாற்று வடிவங்கள் இருக்கும். அவசரமாகச் செய்த எழுத்துரு இங்கேயே மாட்டிக்கொள்ளும்.

இரண்டாவது சொல் ‘காஃபி’. ஆங்கிலத்தில் இதை எழுதும்போது எஃப் இரண்டும் ஈ இரண்டும் அடுத்தடுத்து வரும். கையால் எழுதும் எவரும் இரண்டு எஃப்களை ஒன்றுபோலவே எழுதுவதில்லை. இரண்டும் அச்சுப் பிசகாமல் ஒரே வடிவத்தில் நின்றால், கையெழுத்து என்ற மயக்கம் அந்தக் கணமே கலைந்துவிடும். மூன்றாவது சொல் ‘மினிமம்’. இதில் நேர்கோடுகள் வரிசையாக வருவதால் கோடுகளுக்கிடையே உள்ள வெள்ளை இடைவெளி சீராக இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

இந்த மூன்றையும் தாண்டிய எழுத்துருவில் எண்களையும் ‘அண்ட்’ குறியையும் ரூபாய்க் குறியையும் பார்த்துவிடுங்கள். அழைப்பிதழ் முழுதும் தயாரான பின், ரூபாய்க் குறி அந்த எழுத்துருவில் இல்லை என்று கண்டுபிடிப்பது வேதனையான அனுபவம்.

மென்பொருளில் செய்ய வேண்டியவை

பலரும் தவறவிடும் படி இது. நல்ல தூரிகை எழுத்துருவின் பாதி அழகு, ஓப்பன்டைப் என்ற எழுத்துருக் கோப்பு வகையின் கூடுதல் வசதிகளுக்குள் மறைந்திருக்கிறது. சூழலுக்கேற்ற மாற்றெழுத்து, கூட்டெழுத்து, சொல்லின் தொடக்கத்திலும் முடிவிலும் வரும் வால்நெளிவு, இருபது வரையிலான வடிவத் தொகுப்புகள் ஆகியவை எழுத்துருக் கோப்பிலேயே இருக்கும். மென்பொருளில் அவற்றை இயக்கினால்தான் வெளிவரும். அடோபி இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் ஓப்பன்டைப் பலகையையும், எழுத்துருவின் எல்லா வடிவங்களையும் காட்டும் கிளிஃப்ஸ் பலகையையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கோரல்டிராவில் எக்ஸ்6 பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது. வேர்டில் எழுத்தைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் விசையுடன் டி விசையை அழுத்தி வரும் பெட்டியின் ‘அட்வான்ஸ்டு’ பகுதியில், 2010 பதிப்பு முதல் இவற்றைக் காணலாம். ஆனால் அங்கே அவை தாமாக இயங்காது, நாம்தான் இயக்க வேண்டும். ‘என் கணினியில் மட்டும் எழுத்து வேறு மாதிரி வருகிறது’ என்று கேட்கும் பெரும்பாலானவர்களின் சிக்கல் இந்த ஒரே பெட்டியில் தீர்ந்துவிடுகிறது.

வால்நெளிவுகளில் கை அடக்கம் தேவை. ஒரு சொல்லுக்கு ஒன்று, மிஞ்சினால் தொடக்கத்தில் ஒன்றும் முடிவில் ஒன்றும் போதும்.

அடுத்து எழுத்திடைவெளி. சாதாரண எழுத்துருவில் இடைவெளியைக் கூட்டிக் குறைத்து அழகு பார்க்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. இணைந்து ஓடும் தூரிகை எழுத்தில் அதை அறவே விட்டுவிடுங்கள். இடைவெளியைச் சற்றுக் கூட்டினாலும் இணைப்புகள் அறுந்துவிடும். குறைத்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி முடிச்சு விழும். டிராக்கிங், அதாவது எல்லா எழுத்துகளுக்கும் பொதுவான இடைவெளி, பூஜ்யத்தில் இருக்கட்டும். அடோபி மென்பொருள்களில் கெர்னிங்கை, அதாவது இரண்டிரண்டு எழுத்துகளுக்கு இடையிலான தூரத்தை, ‘ஆப்டிகல்’ என்பதில் வைக்காமல் ‘மெட்ரிக்ஸ்’ என்பதில் வையுங்கள். ஏனெனில் எழுத்துருவை உருவாக்கியவர் ஒவ்வோர் இணைக்கும் அளந்து வைத்த தூரம் அதில்தான் மதிக்கப்படுகிறது. இருபுறமும் சமன்செய்யும் பத்தி அமைப்பையும் இதே காரணத்துக்காகத் தவிர்க்க வேண்டும்.

முழுவதும் பெரிய எழுத்துகளில் எழுதாதீர்கள் என்பதை நான் கெஞ்சியே சொல்வேன். இந்த எழுத்துருக்களின் பெரிய எழுத்துகள் ஒரு சொல்லின் தலைப்பில் ஒன்றாக நிற்பதற்காக வரையப்பட்டவை. அவற்றை வரிசையாக நிறுத்தினால் ஒன்றோடொன்று இணையாமல், ஒவ்வொன்றும் தனக்கென ஒரு திசையில் கை நீட்டிக்கொண்டிருக்கும். சொல்லைப் படிக்கவே முடியாது. அதேபோல, மென்பொருளின் ‘போல்டு’ பொத்தானை அழுத்திப் பொய்யாகத் தடிக்கவைத்தால், அழுத்தத்தால் வந்த தடிப்பும் மெலிவும் ஒன்றாகிவிடும்.

இரண்டு வரிகளில் எழுத நேர்ந்தால், மேல் வரியில் கீழே தொங்கும் ஜி, ஒய் போன்ற எழுத்துகள் கீழ்வரியில் உயர்ந்து நிற்கும் எல், எச் போன்றவற்றின் மேல் மோதாமல், அவற்றின் இடைவெளியில் இறங்கும்படி வரியை இடவலமாக நகர்த்திப் பொருத்துங்கள். சீராக நடுவில் அமைப்பதைவிட இப்படிக் கோத்து அமைப்பதே தூரிகை எழுத்துக்கு ஒத்துப்போகும்.

எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது

ஒன்று முதல் நான்கு சொற்கள் வரை, பெரிய அளவில், படிப்பவருக்கு ஓரளவு பழக்கமான சொல்லாக இருந்தால் தூரிகை எழுத்து பொருந்தும். கடைப்பெயர், மணமக்கள் பெயர், ‘நன்றி’ அட்டை, ஊறுகாய்ப் பாட்டிலின் பெயர்ச்சீட்டு, சமூக ஊடகப் படத்தின் தலைப்பு ஆகியவை இதற்கு ஏற்றவை. முகவரி, தொலைபேசி எண், விலைப்பட்டியல், முகூர்த்த நேரம், மருந்தின் பெயர், எச்சரிக்கை ஆகியவற்றுக்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. முகூர்த்த நேரத்தில் ஒன்றா ஏழா என்று விருந்தினர் குழம்பினால், அந்த அழைப்பிதழ் எவ்வளவு அழகாக இருந்தும் தன் வேலையைச் செய்யவில்லை.

துணைக்கு எடுக்கும் எழுத்துரு அமைதியானதாக, நேராக நிற்பதாக, ஒரே தடிப்புள்ளதாக இருக்கட்டும். அச்சில் தூரிகை எழுத்தைப் பதினெட்டுப் புள்ளிக்கு (பாயின்ட் எனப்படும் எழுத்தளவு) கீழே நான் இறக்குவதில்லை. கருநிறப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக அச்சிடும்போது சுற்றிலுமுள்ள மை பரவி மெலிந்த கோடுகளை விழுங்கிவிடும் என்பதால், மிக மெலிந்த இடமும் அரைப் புள்ளிக்குக் குறையாதபடி பார்த்துக்கொள்கிறேன். சட்டையில் தையல் வேலைக்கு என்றால் மிக மெலிந்த கோடும் ஒரு மில்லிமீட்டராவது இருக்க வேண்டும்.

பெயர்ப்பலகைக்கு ஒரு பழைய தொழில் கணக்கு உண்டு: பத்து அடித் தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்துயரம். நாற்பது அடிச் சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து படிக்க நான்கு அங்குலம் வேண்டும். தூரிகை எழுத்தில் அந்த நான்கு அங்குலத்தை உயர்ந்து நிற்கும் எல் எழுத்துக்கு அளக்காமல், ஏ, ஓ போன்ற சிறிய எழுத்தின் உடலுக்கு அளக்க வேண்டும். இந்த எழுத்துருக்கள் பலவற்றில் உடல் சிறிதாகவும் கொம்பு நீளமாகவும் இருப்பதால், கொம்பை அளந்து பலகை செய்தவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

ஸ்டிக்கர் வெட்டும்போது

இந்தப் படியை நான் நஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டேன். ஒரு பேக்கரியின் கண்ணாடிக் கதவுக்குச் சிவப்பு வினைலில் பெயரை வெட்டித்தர ஒப்புக்கொண்டு, திரையில் குறையின்றித் தெரிந்த கோப்பை அப்படியே வெட்டும் இயந்திரத்துக்கு அனுப்பினேன். வந்த ஸ்டிக்கரில், எழுத்தும் எழுத்தும் சேரும் ஒவ்வோர் இடத்திலும் அரிசி மணி அளவில் ஒரு துண்டு தனியாக வெட்டுப்பட்டிருந்தது. தேவையற்ற வினைலை உரித்தெடுக்கும்போது அந்தத் துண்டுகளும் சேர்ந்து வந்துவிட, ஒட்டிய பெயர் கணுக்கணுவாக முறிந்த கரும்பைப் போல இருந்தது. முழுவதையும் மீண்டும் வெட்டிக்கொடுத்தேன்.

காரணம் எளியது. தூரிகை எழுத்துருவில் இணைப்பு என்பது, ஓர் எழுத்தின் வால் அடுத்த எழுத்தின் உடலுக்குள் சற்றே நுழைந்து நிற்பதுதான். திரையில் இரண்டும் ஒரே நிறமாக இருப்பதால் ஒன்றாகத் தெரிகின்றன. வெட்டும் இயந்திரமோ இரண்டு எழுத்துகளின் வெளிக்கோடுகளையும் தனித்தனியாகப் பின்பற்றி, மேற்படியும் பகுதியையும் வெட்டிவிடுகிறது. ஆகவே அனுப்பும் முன் எழுத்தை வடிவமாக மாற்றி, கோரல்டிராவில் ‘வெல்டு’, இல்லஸ்ட்ரேட்டரில் ‘யுனைட்’, இங்க்ஸ்கேப்பில் ‘யூனியன்’ என்ற கட்டளையால் ஒன்றாக்கிவிட வேண்டும். ஒன்றாக்கிய பின் வெறும் வெளிக்கோட்டுக் காட்சிக்கு மாறிப் பாருங்கள். எழுத்துகளுக்குள் குறுக்குக் கோடு எதுவும் தெரியக் கூடாது. எழுத்தைச் சுற்றி வேறு நிறத்தில் விளிம்புக்கோடு போடும்போதும், லேசர் வெட்டுக்கு அனுப்பும்போதும் இதே படிதான்.

உலர்தூரிகைக் கீற்றுகள் உள்ள எழுத்துருவை வினைலுக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். ஒவ்வொரு கீற்றும் நூற்றுக்கணக்கான புள்ளிகளாக மாறி இயந்திரத்தைத் திணறடிக்கும். வெட்டி முடித்தாலும் உரித்தெடுக்க முடியாது. பனியனுக்கான திரை அச்சிலும் நுண்கீற்றுகள் மையால் அடைபட்டுவிடும். டிஜிட்டல் அச்சிலும் திரையிலும் மட்டுமே அவற்றின் அழகு முழுதாகக் கிடைக்கும்.

தமிழில் தூரிகை எழுத்து

ஆங்கிலத் தூரிகை எழுத்துருவைத் தமிழ்ச் சொல்லுக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் பலர். யூனிகோடு தமிழாக இருந்தால், அந்த எழுத்துருவில் தமிழ் இல்லாததால் மென்பொருள் வேறொரு சாதாரணத் தமிழ் எழுத்தைக் காட்டிவிடும். பாமினி போன்ற பழைய குறியாக்கத்தில் தட்டியதாக இருந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரிசையாக வரும். தமிழுக்குத் தமிழிலேயே வரைந்த எழுத்துரு வேண்டும்.

அச்சுத் தமிழில் எழுத்துகள் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆகவே ஆங்கிலத்தில் இணைப்பு செய்யும் வேலையைத் தமிழில் சாய்வும், தடிப்பின் ஏற்ற இறக்கமும், கோடு முடியும் விதமுமே செய்ய வேண்டும். அதோடு உகர, ஊகாரக் குறிகள் மெய்யோடு ஒட்டி உருமாறுவதால், பதினெட்டு மெய்களுக்கும் சேர்த்து முப்பத்தாறு வடிவங்களைத் தனித்தனியாக வரைய வேண்டியிருக்கிறது. தமிழில் நல்ல தூரிகை எழுத்துருக்கள் குறைவாக இருப்பதற்கு இந்த உழைப்பும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். கூகுள் ஃபான்ட்ஸில் உள்ள, தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவனார், சாய்ந்த கையெழுத்துச் சாயலில் அமைந்தது. ஆங்கிலத் தூரிகைப் பெயருக்குப் பக்கத்தில் தமிழ்ப் பெயரை வைக்க அதை நான் அடிக்கடி எடுத்துக்கொள்கிறேன்.

தமிழ்த் தூரிகை எழுத்துருவைச் சோதிக்க ‘கண்ணன்’ என்று எழுதிப் பாருங்கள். மூன்று சுழி ணகரத்துக்கும் இரண்டு சுழி னகரத்துக்கும் உள்ள வேறுபாடு, கோடு தடிக்கும்போது சுழிகள் அடைபட்டு மறைந்துபோகக் கூடும். அடுத்து ‘மார்கழி’ என்று எழுதி, துணைக்காலும் ரகரமும் பிரித்தறியும்படி இருக்கின்றனவா, புள்ளி ஒரு தூரிகைத் தொடுதலாகத் தெளிவாக நிற்கிறதா என்று பாருங்கள். இவற்றில் தவறும் எழுத்துருவைப் பெயருக்குப் பயன்படுத்த வேண்டாம். சொந்தப் பெயர் தப்பாகப் படிக்கப்படுவதை யாரும் விரும்ப மாட்டார்கள். நேரமிருந்தால், ஒற்றைச் சொல் பெயர்ப்பலகைக்குக் கையெழுத்து ஓவியர் ஒருவரிடமே எழுதி வாங்கி ஸ்கேன் செய்து எடுத்துக்கொள்ளுங்கள். எந்த எழுத்துருவும் அதற்கு இணையாக வந்ததை நான் பார்த்ததில்லை.

உரிமமும் கோப்பு ஒப்படைப்பும்

இலவசமாக இறங்கும் தூரிகை எழுத்துருக்களில் பல ‘தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்’ என்ற நிபந்தனையோடு வருகின்றன. கடையின் பெயர்ப்பலகையும் காசு வாங்கிச் செய்யும் அழைப்பிதழும் அதில் அடங்கா. எஸ்.ஐ.எல். ஓப்பன் ஃபான்ட் உரிமத்தில் உள்ளவற்றை வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. எழுத்துருவோடு வரும் உரிமக் கோப்பை அந்த வேலையின் கோப்புறையிலேயே சேமித்துவையுங்கள்.

அச்சகத்துக்கு எழுத்துருக் கோப்பை அனுப்பாமல், எழுத்தை வடிவமாக மாற்றி ஒன்றாக்கிய பிரதியை அனுப்புங்கள். திருத்தக்கூடிய மூலப் பிரதி உங்களிடம் இருக்கட்டும். அனுப்பும் முன் உண்மையான அளவில் ஒரு தாளில் அச்சிட்டு, அதைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். சொல்லாகப் படிக்க முடியாதபோது கண் வடிவத்தை மட்டும் பார்க்கும்; அறுந்த இணைப்பும் விழுந்த முடிச்சும் அப்போது உடனே அகப்படும். அதன் பிறகு தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு, வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரை அழைத்து அந்தப் பெயரைப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தயங்கும் எழுத்து எதுவோ, அதற்கு எழுத்துருவிலுள்ள மாற்று வடிவத்தைப் போட்டு மறுபடியும் அச்சிட்டுப் பாருங்கள்.